மண் பரிசோதனை நிலையமும் மண்வள அட்டையும்: எந்த வரியை நம்பி உரம் போடலாம்?

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு மாதிரிக்குக் கட்டுகிற தொகை, டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசு. போய்வரும் பேருந்துச் செலவு அதைவிடக் கூடுதலாக ஆகலாம். அந்தக் காசுக்குக் கார அமில நிலை (பி.எச்.), உப்பின் நிலை, அங்ககக் கரிமம் (மட்கிய பொருளிலுள்ள கார்பன்), தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று பன்னிரண்டு அளவுகள் மண்வள அட்டையில் வருகின்றன. விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு நடப்பது ஆய்வகத்துக்கு முன்னாலும் பின்னாலும்: மண் எடுக்கும்போதும், அட்டையைப் படிக்கும்போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் பிரித்து எடுத்தார்கள். அந்தக் கட்டத்துக்குள் நிலம் உள்ள எல்லோருக்கும் ஒரே எண்கள்தான். அதாவது உங்கள் பெயர் போட்டு வீட்டுக்கு வந்த அட்டை, நாலு வரப்பு தள்ளி இருக்கிற வயலின் மண்ணாக இருக்கலாம். ஊர் மண்ணின் போக்கு தெரிய அது உதவும்; ஒரு வயலுக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் போட உதவாது. ‘தமிழ் மண்வளம்’ இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து எடுக்கிற அட்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காசு கட்டி, சொந்த வயலின் மண்ணைக் கொடுத்து வாங்குகிற அறிக்கையைப் பற்றித்தான் இனி பேச்சு.

மண் எடுப்பதில் நடக்கிற தவறை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது. ஒரு ஏக்கரின் மேல் ஆறு அங்குல மண் ஏறக்குறைய ஒன்பது லட்சம் கிலோ. ஆய்வகத்தில் மணிச்சத்துக்கு எடைபோடுவது சில கிராம்தான். அந்தச் சில கிராம் முழு வயலுக்காகப் பேச வேண்டுமானால் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, ‘வி’ போலக் குழி வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட வேண்டும். பிறகு குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு அங்குலம் சீவி எடுப்பதுதான் மாதிரி. நெல், கடலைக்கு 15 செ.மீ. ஆழம், பருத்தி, கரும்பு, வாழைக்கு 22.5 செ.மீ.; தென்னை, மா போன்ற மரப்பயிருக்கு 30, 60, 90 செ.மீ. என மூன்று அடுக்கும் தனித்தனிப் பையில். ஒரே ஆழத்தில் பல இடங்களில் எடுத்த மண்ணையெல்லாம் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்ய வேண்டும். காய வைப்பது நிழலில்.

வரப்போரம், வாய்க்கால் ஓரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம், உரம் இட்டு மூன்று மாதம் ஆகாத வயல் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். பையைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. பொட்டாஷ் வந்த சாக்கில் மண்ணைப் போட்டுக் கொண்டுபோனால் சாம்பல்சத்து வரியில் சாக்கின் சத்தும் சேர்ந்தே வரும். துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியில் மண்ணைக் கலந்தால் துத்தநாகம் ஏறும். துருப்பிடித்த மண்வெட்டி இரும்பை ஏற்றும். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டமும் பார்க்க வேண்டுமென்றால் மண்வெட்டியால் குழி வெட்டிய பிறகு, தொட்ட பக்கத்து மண்ணை மூங்கில் குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு, அந்தக் குச்சியாலேயே மாதிரியைச் சீவி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, புதிய துணிப்பையில் கொடுங்கள்.

இனி அட்டை. எல்லா வரிக்கும் ஒரே மதிப்பு கிடையாது.

உப்பின் நிலையும் கார அமில நிலையும் மிகவும் நம்பத்தக்கவை; அளப்பது எளிது, தவறு குறைவு. ஆனால் உப்பின் நிலையைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. நம் ஆய்வகங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிற ‘நெல் 3 வரை தாங்கும்’ என்கிற பட்டியல் மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கானது; அந்த அளவு பல மடங்கு அதிகமாக வரும். அட்டையில் 1.2 என்று பார்த்துவிட்டு ‘மூன்றுக்குள்தானே’ என்று நிம்மதி அடைந்தால் நாற்று கருகும்போதுதான் தெரியும். அட்டை அளவில் 1க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, தாண்டினால் முளைப்பிலேயே கவனம் வேண்டும்.

கார அமில நிலை 8.3 என்று வந்தவுடன் ஜிப்சத்துக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலுள்ள சுண்ணாம்பு நிலையைப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் மண்ணில் இரண்டு சொட்டு நீர்த்த அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மண் இயல்பாகவே 8.2, 8.4 என்று நிற்கும். அங்கே ஜிப்சத்துக்கு வேலை இல்லை. 8.5க்கு மேல் போய், மழை பெய்தால் சேறாகி, காய்ந்தால் பாறையாகிறதென்றால் அது களர், அதாவது சோடியம் மிகுந்த மண். அதற்கும் எவ்வளவு ஜிப்சம் என்பதை அட்டை சொல்லாது. ‘ஜிப்சம் தேவை’ என்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. மாதிரி கொடுக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும்.

தழைச்சத்து வரிதான் அட்டையிலேயே பலவீனமானது. கார பெர்மாங்கனேட் என்கிற ஆய்வக முறையில் ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ் ‘குறைவு’. தமிழ்நாட்டு வயல்களில் பெரும்பாலும் இந்தச் சொல்தான் வரும். அதைத் தெரிந்துகொள்ளப் பரிசோதனையே தேவையில்லை. சில இடங்களில் இதை அளக்காமல் அங்ககக் கரிமத்திலிருந்து கணக்கிட்டு எழுதுவதும் உண்டு. மண்ணில் தழைச்சத்து ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப வாரத்துக்கு வாரம் மாறும். 190க்கும் 215க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு யூரியாவைக் கூட்டிக் குறைக்காதீர்கள். நெல்லில் மேலுரம் எப்போது என்பதை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டை இதைவிட நன்றாகச் சொல்லும்: வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4க்குக் கீழே நிறம் போனால் இட வேண்டும்.

அங்ககக் கரிமம் பரவாயில்லை. ஆனால் சலிக்காத வேர்த்துண்டும் அறுத்த பயிரின் தாளும் கலந்திருந்தால் கூடக் காட்டும். உவர் மண்ணிலும் குளோரைடு குறுக்கிட்டுக் கூடக் காட்டும்.

காசு மிச்சமாகிற வரி மணிச்சத்து. ஓல்சன் என்கிற ஆய்வக முறையில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 22க்கு மேல் அதிகம். வருடக்கணக்கில் டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் கொட்டிய வயல்களில் 30, 40 சாதாரணம். மத்திய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் 150:50:50 கிலோ. மணிச்சத்து ‘அதிகம்’ என்றால் கால் பங்கு குறைக்கலாம். ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து 15 ஆகும், டி.ஏ.பி. 43 கிலோவிலிருந்து 33க்கு இறங்கும். மூட்டை 1,350 ரூபாய் கணக்கில் ஏக்கருக்கு முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். டி.ஏ.பி.யில் வந்துகொண்டிருந்த தழைச்சத்தும் ஏறக்குறைய இரண்டு கிலோ குறையும். நாலு கிலோ யூரியா சேர்த்தால் அது சரியாகிவிடும். நீலகிரி போன்ற அமில மண்ணில் ஓல்சன் சரிப்படாது, பிரே முறையில்தான் பார்க்க வேண்டும். எந்த முறை என்று கேட்பது தவறில்லை.

சாம்பல்சத்துக்கு எல்லை 118, 280: முதலாவதற்குக் கீழ் குறைவு, இரண்டாவதற்கு மேல் அதிகம். இங்கே அடிக்கடி நடக்கிற கணக்குப் பிழை ஒன்று: ‘மண்ணிலேயே 260 கிலோ இருக்கிறது, பயிருக்கு 50 போதும், ஆகவே பொட்டாஷ் வேண்டாம்’ என்பது. அந்த 260 பத்தாயத்தில் இருக்கிற நெல் மாதிரி அளந்து எடுத்துக்கொள்வதற்கு இல்லை. ஒரு ரசாயனக் கரைசல் பிழிந்தெடுத்த அளவு அது. பல வயல்களில் விளைச்சலோடு ஒப்பிட்டு ‘குறைவு, நடுத்தரம், அதிகம்’ என்று வகை பிரிக்க மட்டுமே உதவும். பரிந்துரையிலிருந்து நேராகக் கழிக்க முடியாது.

துத்தநாக வரியில் எண்ணை மட்டும் படியுங்கள், பக்கத்திலுள்ள சொல்லை விட்டுவிடுங்கள். நாட்டுப் பொது அளவுகோல் 0.6 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு); தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இங்குள்ள மண்ணுக்கு வைத்திருப்பது 1.2. உங்கள் வயல் 0.9 என்றால் ஒரு அட்டையில் ‘போதுமானது’, இன்னொன்றில் ‘பற்றாக்குறை’. நெல் வயலுக்கு 1.2ஐ எடுத்துக்கொள்வதே நல்லது. ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை இருபது கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். டி.ஏ.பி.யோடும் சூப்பர் பாஸ்பேட்டோடும் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிப் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

இரும்பு வரியைச் சேற்று நெல்லுக்குப் பார்ப்பதில் அர்த்தம் குறைவு. காய்ந்த மண்ணின் அளவு அது, தண்ணீர் கட்டியதும் கரையும் இரும்பு ஏறிவிடும். சுண்ணாம்பு மண்ணில் கடலை, கரும்பு வெளுக்கிறதா என்பதற்குத்தான் அது வேண்டும். அங்கேயும் மண்ணில் கொட்டுவதைவிட 1 சதவீத இரும்பு சல்பேட் கரைசலை இலையில் தெளிப்பது பலன் தரும். கந்தகம் கலங்கல் அளவை வைத்துப் பார்ப்பது, முன்பின்னாக வரும். சூப்பர் பாஸ்பேட்டிலேயே கந்தகம் இருப்பதால், அடியுரமாக அதைப் போடுகிறவர் அந்த வரியைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற ‘என்.பி.கே. சென்சார்’ கம்பியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். எஃகு முள் குத்தியவுடன் மூன்று எண்களும் திரையில் வருவது உண்மை. ஆனால் அது அளப்பது மண்ணின் மின் கடத்துதிறனையும் ஈரத்தையும் வெப்பத்தையும் மட்டுமே. தழை, மணி, சாம்பல் மூன்றும் அந்தக் கடத்துதிறனைக் குறிப்பிட்ட எண்களால் பெருக்கிக் காட்டுபவை. சோதிக்க நினைத்தால் ஒரு தொட்டி மண்ணில் கம்பியைக் குத்தி எண்ணைக் குறித்துவிட்டு, சமையல் உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். மூன்று சத்தும் ஒன்றாக ஏறும். உப்பில் மணிச்சத்து எங்கிருந்து வந்தது? காய்ந்த மண்ணில் அதே கம்பி பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பேட்டரி இல்லாமல் சில நூறு ரூபாய்க்கு வரும் இரண்டு முள் ‘பி.எச். மீட்டரும்’ இதே ரகம், 7.5ஐயும் 8.5ஐயும் அதால் பிரித்துச் சொல்ல முடியாது.

மாதிரிப் பையின் சீட்டில் பெயர், ஊர், சர்வே எண், மண் எடுத்த தேதி, பாசனம் கிணறா ஆறா, அறுத்த பயிர், அடுத்த பயிர் ஆகியவற்றை எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது கடைசி விவரத்தை. அது இல்லாவிட்டால் பொதுப் பரிந்துரைதான் அச்சாகி வரும், பரிசோதித்ததற்கு அர்த்தமில்லை. கிணற்றுப் பாசனமென்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஒரு லிட்டர் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். கோடையில் கூட்டம் இருக்கும், விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே கொடுப்பது நல்லது. மூன்று வருடம் கழித்து மறுபடி போகும்போது அதே மாதத்தில், அதே நிலையத்தில் கொடுத்து, பழைய அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். பழைய அட்டையில் மணிச்சத்து 38 என்றால், அது இறங்கியிருக்கிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும்.