பிராட் நெய்லர் வாங்குறப்போ மூக்கைப் பாருங்க: சில வருஷ அனுபவம்

காத்துல ஓடுற 18 கேஜ் பிராட் நெய்லர் (பிராட்ங்கற மெல்லிசான ஆணியை மரத்துல அடிக்கிற கன்) ஒண்ணை சில வருஷமா வச்சு வேலை பாத்துட்டு இருக்கேன். சுவத்தோட அடியில ஓடுற ஸ்கர்டிங், கதவு நிலையைச் சுத்தி வர்ற பட்டி, கண்ணாடியைப் பிடிச்சு நிறுத்துற பீடிங், பிளைவுட் ஓரத்துக்கு ஒட்டுற லிப்பிங், அலமாரி பின்பலகை, டிராயர் அடிப்பலகைன்னு எல்லாத்துக்கும் இதுதான். புதுசா வாங்குறவங்க முதல்ல கேக்குறது எவ்வளவு நீள ஆணி போகும், பவர் எவ்வளவுங்கறதுதான். என்னைக் கேட்டா அது ரெண்டையும் கடைசியா பாத்தா போதும், ஏன்னா இந்த கன் எல்லாமே சுமார் 15 மிமீல ஆரம்பிச்சு 30 இல்லன்னா 50 மிமீ வரைக்கும் அடிக்கும், 100 ஆணி இருக்குற ஒரு பட்டை மேகசின்ல, அதாவது ஆணி போடுற பெட்டியில, உக்காரும், எடையும் ஒண்ணரை கிலோவைத் தாண்டாது. பேப்பர்ல பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கையில எடுத்து வேலை பாக்குறப்போதான் மூக்குல இருக்குற வித்தியாசம் தெரியும்.

மூக்குன்னு நான் சொல்றது ஆணி வெளிய வர்ற முனையும் அதுக்கு முன்னாடி அமுங்குற சேஃப்டி கம்பியும் சேர்ந்த பகுதி. சில கன்ல இது தடியா, பெரிய ரப்பர் மூடியோட இருக்கும், அதை மரத்துல வச்சதும் ஆணி எங்க இறங்கப் போகுதுன்னே தெரியாது, ஒரு குத்துமதிப்புலதான் அடிக்கணும். சுவத்துல அகலமான பட்டி அடிக்கிறவங்களுக்கு அது பரவாயில்ல, ஆனா 10 மிமீ அகல பீடிங்ல, அதுவும் பூ வேலை செஞ்ச மோல்டிங்ல இருக்குற பள்ளத்துக்குள்ள சரியா ஆணியை இறக்கணும்னா மூக்கு ஒல்லியா இருந்தே ஆகணும். பள்ளத்துக்குள்ள இறங்குன ஆணித் தலை நிழல்லயே மறைஞ்சிடும், மரப் புட்டி போட்டு மூடுற வேலை பாதியா குறையும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி, காத்து ஹோஸ் மாட்டாம, ஆணி போடாம, கன்னைக் கையில எடுத்து ஒரு பென்சில் புள்ளி மேல மூக்கை வச்சுப் பாருங்க. சாதாரணமா நிக்கிற இடத்துல இருந்து புள்ளி கண்ணுக்குத் தெரியுதா, இல்ல தலையைச் சாய்ச்சு எட்டிப் பாக்க வேண்டி இருக்கான்னு கவனிங்க. நாள் பூரா எட்டிப் பாத்துக்கிட்டே அடிச்சா கழுத்து போயிடும்.

அந்த ரப்பர் மூடி மரத்துல தழும்பு விழாம இருக்கத்தான் இருக்கு, மென்மையான மரத்துலயும் பாலிஷ் போட்டு வச்ச பட்டியிலயும் அது அவசியம். ஆனா அதைக் கழட்டினாலும் மாட்டினாலும் ஆணி இறங்குற ஆழம் மாறும், அதனால ரெண்டுல ஏதோ ஒரு நிலையில ஆழத்தை செட் பண்ணிட்டு அப்படியே விட்டுடணும். இன்னொரு ரப்பரை கன் உடம்புலயே மாட்டி வைக்க இடம் இருந்தா நல்லது, இது தொலையுற பொருள்.

கேஜ் விஷயத்தையும் சொல்லிடுறேன், இதுல நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கு. நம்பர் ஏற ஏற ஆணி மெல்லிசாகும். 15 கேஜும் 16 கேஜும் ஃபினிஷ் நெய்லர், 16 கேஜ் ஆணி சுமார் 1.6 மிமீ தடிமன், கனமான கதவு நிலைக்கும் படிக்கட்டு வேலைக்கும் அதுதான் பிடிக்கும். 18 கேஜ் பிராட் சுமார் 1.2 மிமீ, சின்னதா ஒரு தலை இருக்கும். 23 கேஜ் பின் வெறும் 0.6 மிமீ, தலையே கிடையாது, பசை காயுற வரைக்கும் பட்டியை நகராம வைக்கிறதைத் தவிர அதை நம்பி எதையும் தொங்க விடக்கூடாது. ஒரே ஒரு கன்தான் வாங்க முடியும்னா 18தான் வாங்கச் சொல்வேன், மெல்லிய பட்டியைப் பிளக்காம அடிக்கும், கொஞ்சம் கனமானதையும் தாங்கும். ஆனா இதுவும் பசைக்குத் துணைதான். பிளைவுட் பெட்டி ஒண்ணைப் பசை இல்லாம பிராட் மட்டும் அடிச்சு நிறுத்தினா கையால ஆட்டியே கழட்டிடலாம். பசை தடவி அடிச்சீங்கன்னா கிளாம்ப் தேடி ஓட வேண்டாம், ஆணி பிடிச்சுக்கும், பசை காஞ்சதும் பலம் பசைகிட்ட போயிடும். பசை போட முடியாத இடத்துல ஆணியை நேரா அடிக்காம ஒண்ணை இந்தப் பக்கமும் அடுத்ததை அந்தப் பக்கமும் சாய்ச்சு அடிச்சா பிடிமானம் நல்லாவே கூடும்.

இப்ப ஆழம். இந்தக் கன்னை வச்சு வேலை பாக்குறப்போ நான் ரொம்ப மெனக்கெட்டது இதுலதான். ஆணித் தலை மரத்துக்குள்ள ஒரு மிமீ, ஒண்ணரை மிமீ இறங்கி நிக்கணும், மேல நின்னா பஞ்ச் வச்சு சுத்தியால தட்டணும், ரொம்ப இறங்கினா மெல்லிய பட்டியைத் துளைச்சுக்கிட்டே போயிடும். பெரும்பாலான கன்ல ஆழத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம் இருக்கும், சாவி தேடாம கட்டைவிரலால திருப்புற மாதிரி இருக்கணும், இது ரெண்டாவதா பாக்க வேண்டியது. ஆனா அந்தச் சக்கரம் மட்டும் போதாது, ஒரு ஆணி சரியா இறங்குது, அடுத்தது மேல நிக்குது, அதுக்கு அடுத்தது சரியா இறங்குதுன்னா பெரும்பாலும் கன் மேல தப்பு இருக்காது, காத்துதான் காரணம்.

எப்படின்னா, டிரிகரை அமுக்கினதும் மேல இருக்குற வால்வு திறந்து காத்து பிஸ்டன் தலையில இறங்கும், பிஸ்டனோட சேர்ந்த டிரைவர் பிளேடு ஆணியை அடிச்சு இறக்கும், டிரிகரை விட்டதும் கீழ சேர்ந்திருந்த காத்து பிஸ்டனைத் திரும்ப மேல தள்ளிடும். ஒவ்வொரு அடிக்கும் அழுத்தம் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஆழமும் ஒரே மாதிரி வரும். காத்தை டேங்க்ல அடைச்சுத் தர்ற கம்ப்ரஸரோ ஒரு அழுத்தத்துல நிக்கும், அந்த அழுத்தம் குறிப்பிட்ட அளவு இறங்கினதுக்கு அப்புறம்தான் திரும்ப ஓடும். உதாரணமா 115 பிஎஸ்ஐல (காத்து அழுத்தத்தோட அளவு) நின்னு 85ல திரும்ப ஸ்டார்ட் ஆகுற கம்ப்ரஸர்னு வைங்க, கன்னுக்குப் போற அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரை 100ல வச்சீங்கன்னா டேங்க் 100க்குக் கீழ வந்த நொடியில இருந்து கன்னுக்குப் போற அழுத்தமும் கூடவே இறங்கிட்டு வரும், ஆணி மேல நிக்க ஆரம்பிக்கும், மோட்டார் ஓடினதும் திரும்பச் சரியாகும். அதே ரெகுலேட்டரை 80ல வச்சா டேங்க் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் கன்னுக்கு 80 மட்டும்தான் போகும். அதனால கம்ப்ரஸர் திரும்ப ஸ்டார்ட் ஆகுற அளவைப் பாத்து அதுக்குக் கொஞ்சம் கீழ ரெகுலேட்டரை செட் பண்ணிட்டு, மிச்ச அட்ஜஸ்ட்மெண்ட் முழுக்க சக்கரத்துல பண்ணுங்க. பிராட் நெய்லருக்கு 70ல இருந்து 90 பிஎஸ்ஐக்குள்ள அநேகமா எல்லா மரமும் அடங்கிடும், கன் மேல போட்டிருக்குற அதிகபட்ச அளவை எந்தக் காரணத்துக்கும் தாண்டக்கூடாது.

பெரிய கம்ப்ரஸர் தேவையே இல்ல. ஒரு அடிக்குச் செலவாகுற காத்து ரொம்பக் கம்மி, 6 லிட்டர் டேங்க் இருக்குற சின்ன மெஷினே போதும், மோட்டார் கொஞ்சம் அடிக்கடி ஓடும், அவ்வளவுதான். வீட்டுக்குள்ள வேலைன்னா சத்தம் கம்மியான கம்ப்ரஸருக்குக் கொஞ்சம் கூடுதலா செலவு பண்ணுங்க, அந்தக் காசை கன்ல போடுறதை விட இதுல போடுறது மேல். ஹோஸ் பாலியூரிதேன்ல வாங்குங்க, லேசா இருக்கும், கன்னைத் திருப்புறப்போ கையை இழுக்காது. மெல்லிசான ஹோஸை ரொம்ப நீளமா போட்டு வேகமா அடிச்சா அதுலயும் அழுத்தம் குறையும். கன் பக்கம் எப்பவும் ஆண் கனெக்டர், அதாவது உள்ள நுழையுற முனைதான் இருக்கணும், ஹோஸைக் கழட்டினதும் உள்ள இருக்குற காத்து மொத்தமும் வெளிய போயிடும். பெண் கப்ளரைக் கன்ல மாட்டினா கழட்டின பிறகும் காத்து உள்ள அடைபட்டுக் கிடக்கும், ஹோஸ் இல்லைன்னு நினைச்சு யாராவது டிரிகரைத் தொட்டா ஆணி பாயும். இது கண்டிப்பா செக் பண்ண வேண்டிய விஷயம்.

டிரிகர்ல ரெண்டு வகை. ஒண்ணு மூக்கை அமுக்கி அப்புறம் டிரிகரை இழுக்கணும், ஒவ்வொரு ஆணிக்கும் இப்படித்தான். இன்னொண்ணு டிரிகரைப் பிடிச்சுக்கிட்டே மூக்கைத் தட்டத் தட்ட அடிச்சுக்கிட்டே போகும். ஃபினிஷ் வேலைக்கு முதல் வகைதான், இதுல நான் ரெண்டாவது யோசனைக்கே இடம் குடுக்க மாட்டேன்.

அடிக்கிற விதம் கன்னை விட முக்கியம். பிராட் ஆணியோட நுனி உளி மாதிரி தட்டையா சீவி இருக்கும், அதனால உள்ள கெட்டியான ரேகையோ கணுவோ எதிர்ப்பட்டா ஒரு பக்கமா வளைஞ்சு பலகையோட ஓரத்துல வெளிய வந்துடும். தேக்கு மாதிரி கெட்டி மரத்துல 50 மிமீ ஆணி அடிக்கிறப்போ இது சர்வ சாதாரணம், ஏன்னா ஆணி நீளம் ஆக ஆக வளையுறதும் அதிகம். அதனால பட்டியைப் பிடிச்சிருக்குற இடது கை, ஆணியோட நீளத்தை விட அதிக தூரத்துல இருக்கணும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது, மூடின ரூம்ல காதுக்கும் ஏதாவது வச்சுக்கோங்க. மேகசின் மர ரேகைக்குக் குறுக்கா வர்ற மாதிரி கன்னைப் பிடிச்சா ஆணித் தலை விடுற சின்ன நீள்துளை ரேகையோடயே ஓடும், மரப் புட்டி போட்டதும் ரேகையோட ரேகையா கலந்துடும். ரேகைக்குக் குறுக்கா விழுந்த துளை எவ்வளவு நல்லா அடைச்சாலும் தனியா கண்ணுல படும். நீளத்துக்கு ஒரு கணக்கு சொல்றதுன்னா பட்டியோட தடிமனைப் போல மூணு மடங்கு, 10 மிமீ பட்டிக்கு 30 மிமீ ஆணி. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) முகத்துல அடிச்சா துளையைச் சுத்தி சின்னதா மேடு எழும்பும், அதைத் தேய்ச்சுட்டுதான் மரப் புட்டி போடணும், அதோட ஓரத்துல அடிச்சா நடுவுல ரெண்டா பிரியும், அந்த இடத்துல கிட்டக் கிட்ட அடிக்காதீங்க.

ஆணியைப் பத்தியும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள்ள துத்தநாகம் பூசின சாதாரண பிராட் போதும். வெளிய மழை படுற இடத்துக்கும், ஓக் மாதிரி டானின்ங்கற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்குற மரத்துக்கும் ஸ்டெயின்லெஸ்தான், இல்லன்னா ஆணியைச் சுத்திக் கறுப்புக் கறை இறங்கிடும். தண்ணி பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா ஆணித் தலை மேல முதல்ல ப்ரைமர் போடுங்க, அப்பதான் துரு மேல வராது.

பராமரிப்புல எண்ணெய், தண்ணி, பிளேடு இந்த மூணையும் பாத்துக்கிட்டா இந்தக் கன் ரொம்ப வருஷம் வரும். எண்ணெய் போடுற மாடலா இருந்தா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி காத்து நுழையுற வாய்ல காத்துக் கருவிக்குன்னே வர்ற நியூமாட்டிக் டூல் எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு, அப்புறம் வேஸ்ட் கட்டையில சில ஆணி அடிச்சுடணும், இல்லன்னா எக்ஸாஸ்ட்ல வர்ற எண்ணெய் துளி நல்ல பலகையில தெறிச்சு பாலிஷ் பிடிக்காம பண்ணிடும். இஞ்சின் ஆயிலோ துரு எடுக்குற ஸ்ப்ரேயோ உள்ள விடக்கூடாது, ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையம் உப்பிடும், இருக்குற கிரீஸும் கரைஞ்சு போயிடும். எண்ணெயே தேவைப்படாத மாடலும் இருக்கு, பாலிஷ் வேலை அதிகம் பண்றவங்களுக்கு அது நல்ல சாய்ஸ். கம்ப்ரஸர் டேங்க்ல சேர்ற தண்ணியை அன்னன்னைக்கே கீழ இருக்குற வால்வைத் திறந்து விட்டுடுங்க, ஈரக்காத்து அடிக்கிற சீசன்ல ஆச்சரியப்படுற அளவுக்குத் தண்ணி வரும், அது கன்னுக்குள்ள போனா ஸ்பிரிங்கெல்லாம் துருப் பிடிக்கும்.

மேகசின் காலியானதும் கன் தானா நின்னுடற லாக் இருக்கானு பாருங்க. அது இல்லாத கன்ல ஆணி தீர்ந்தது தெரியாம அடிச்சுக்கிட்டே போவோம், மரத்துல வெறும் துளை விழும், உள்ள இருக்குற ரப்பர் பம்பரும் சீக்கிரம் நசுங்கும். லாக் இருக்குற கன்ல கடைசி சில ஆணி மிச்சம் நிக்கும், அது குறை இல்ல, அப்படித்தான் இருக்கணும், அது மேலயே புதுப் பட்டையைப் போட்டுக்கலாம்.

பிளேடு நுனி தேய்ஞ்சு உருண்டையானா ஆணி சிக்கும், இல்ல பிளேடு ஆணியைத் தாண்டி பக்கத்துல தனியா ஒரு தழும்பு போடும். கன் மூச்சு வாங்குற மாதிரி காத்து விட்டுக்கிட்டே இருந்தா ஓ-ரிங் போயிருக்கும். சிக்கின ஆணியை எடுக்கறப்போ முதல்ல ஹோஸைக் கழட்டணும், அப்புறம்தான் மூக்குல இருக்குற லாட்சைத் திறக்கணும், சாவி இல்லாம திறக்குற லாட்ச் இருந்தா வேலை நிக்காது. இதையெல்லாம் மாத்துறது கஷ்டமான வேலை இல்ல, ஆனா ஸ்பேர் கிடைக்கணும், அதனால வாங்குறதுக்கு முன்னாடியே அந்த மாடலோட டிரைவர் பிளேடும் ஓ-ரிங் கிட்டும் தனியா விக்கிறாங்களான்னு தேடிப் பாருங்க. பேர் மாறின கம்பெனிகளும் இருக்கு, ஹிட்டாச்சி பவர் டூல்ஸ் 2018ல ஹைகோகின்னும் வட அமெரிக்காவுல மெட்டாபோ எச்பிடின்னும் மாறிச்சு, பழைய கன் வச்சிருக்கிறவங்க எல்லாப் பேர்லயும் தேடினாத்தான் பார்ட்ஸ் மாட்டும்.

பேட்டரி கன் பத்தி கேப்பீங்க. ஹோஸ் இல்லாத சௌகரியம் பெருசு, ஏணி மேல நின்னு ரெண்டு ஆணி அடிச்சுட்டு இறங்குறவங்களுக்கு அதுதான் சரி. ஆனா எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, மூக்குக்குப் பின்னாடி மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து உடம்பு பெருசா இருக்கறதால அலமாரி மூலைக்குள்ள நுழையாது. ஒரே இடத்துல உக்காந்து நாள் பூரா பட்டி அடிக்கிற வேலைக்கு நான் இன்னும் காத்து கன்னைத்தான் எடுக்கிறேன், அதுவும் மூக்கு ஒல்லியா, 30 மிமீ வரைக்கும் மட்டுமே அடிக்கிற சின்ன கன்னா இருந்தா இன்னும் சந்தோஷம், 50 மிமீ பிராட் எனக்குத் தேவைப்பட்ட இடத்துல எல்லாம் 16 கேஜ்தான் போட்டிருக்கணும்.