தாத்தா கொடுத்த கன்றா, சோதித்த கன்றா?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விருப்பாச்சி வாழை வைப்பவர்களுக்கு இரண்டு வழி. தெரிந்தவர் தோட்டத்துப் பக்கக்கன்றை வாங்கி, காபிக்கும் மிளகுக்கும் நடுவே நடுவது தாத்தா காலத்து வழக்கம். ஊர் என்ன சொன்னாலும் சரி என்று, வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றை, அதாவது வாழைத் திசுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த கன்றைத் தேடிப்போவது இன்னொன்று.

வழக்கத்தை லேசாக எடுத்துவிட முடியாது. நீர்ச்சத்து குறைந்த இந்தப் பழம் போட்டால் பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடாது என்று எந்த ஆய்வகமும் சொல்லித் தரவில்லை. அது வழக்கம் கண்ட உண்மை; பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு வந்ததே 2019-இல்தான்.

ஆனால் வாழையைத் தாக்கும் வைரஸ் நோயான முடிக்கொத்து நோய் என்று வந்தால் அதே வழக்கம்தான் வில்லன். தோட்டத்துக்குள் நோயைப் பரப்புவது அசுவினி என்ற சிறு பூச்சி. ஊர்விட்டு ஊர் சுமந்துபோவது கைமாறும் கன்று. மருந்து கிடையாது, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். "மரம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அறிகுறி தெரியாத தாய்மரத்தின் கன்றிலும் வைரஸ் இருக்கலாம்.

அதற்காக, சோதித்த கன்று என்றால் கவலை விட்டது என்றும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் நோய் இருந்தால் அசுவினி வேலி பார்க்காது.

நிழல், இடைவெளி, நடும் பருவம் எல்லாம் பெரியவர்களைக் கேட்டுத்தான் செய்வேன். கன்றை மட்டும் கேட்டு வாங்க மாட்டேன், மாமா கோபித்துக்கொண்டாலும்.