பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டர்: இன்டர்லேஸ்டா, புரோகிரசிவா?

ரிச்சி தெருவில் வாங்கிய 1080 வரி மானிட்டரில், பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டர் (அந்தக் கருவியைப் போலக் கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள்) வழியாகப் பழைய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளை ஆடுகிறேன். இன்டர்லேஸ்டு, புரோகிரசிவ் என்ற இரண்டு வகை வெளியீட்டையும் பார்த்துவிட்டுப் புரோகிரசிவையே வைத்துக்கொண்டேன். தட்டைத் திரை வைத்திருப்பவர்களுக்கு அதையே உறுதியாகச் சொல்வேன்.

இன்டர்லேஸ்டில் படத்தின் ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் மறு தடவை. புரோகிரசிவில் எல்லா வரிகளும் ஒரே வீச்சில். இது பலருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காலத்து விளையாட்டுகள் ஏன் பாதிப் படத்தை வரைந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தக் கருவியின் கிராஃபிக்ஸ் சிப்பில் இருந்தது வெறும் 4 மெகாபைட் நினைவகம். 640x448 அளவில் 32 பிட் நிறத்தோடு இரண்டு படப் பரப்புகளும் ஓர் ஆழப் பரப்பும் (எது முன்னால், எது பின்னால் என்ற கணக்கு) வைத்தாலே ஏறக்குறைய 3.3 மெகாபைட் போய்விடும். சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களுக்கு இடம் ஏது? அதனால் பல விளையாட்டுகள் 224 வரிகளை மட்டும் வரைந்து, ஒவ்வொரு தடவையும் படத்தை அரை வரி மேலும் கீழுமாக நகர்த்திக் காட்டின. டியூப் டிவியில் அது முழுப் படமாகவே தெரிந்தது.

எமுலேட்டரில் அந்த நெருக்கடி இல்லை. மூன்று மடங்கு பெரிதாக்கினால் அந்தப் பாதிப் படமே 1920x672 ஆகிவிடுகிறது. மூலத்தின் முழுப் படத்தைவிடவே நுணுக்கம் கூடுதல். இதற்குமேல் இன்டர்லேஸ் கொண்டுவருவது அந்த அரை வரி ஆட்டத்தை மட்டும்தான். இரு பாதிகளையும் தட்டைத் திரைக்கு ஏற்பக் காட்ட எமுலேட்டரில் சில முறைகள் உண்டு. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே காட்டும் 'பாப்' முறையில் மெனுவின் மெல்லிய கோடுகள் ஓயாமல் துடிக்கும். இரண்டையும் பின்னிக் காட்டும் 'வீவ்' முறையில் கேமரா திரும்பினால் கார் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் எழும். 'பிளெண்ட்' அவற்றைக் குழைத்துப் படத்தை மங்கலாக்குகிறது. இன்டர்லேஸ் நீக்கும் பேட்ச்சை (விளையாட்டின் நிரலை மாற்றும் சிறு திருத்தம்) போட்டதும் அந்த அரை வரி நடுக்கம் நின்று படம் கூர்மையாகிறது. நொடிக்கு அறுபது தடவை நகரும் பந்தய விளையாட்டுகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஒரு விலக்கு உண்டு. முழு உயரத்தில் நொடிக்கு 30 படம் வரையும் விளையாட்டில், இரு பாதிகளும் ஒரே கணத்துக்கு உரியவை. அங்கே 'வீவ்' சரியாக இணைத்தால் இழப்பே இல்லை. பேட்ச்சைத் தேடி அலைய வேண்டாம்.

பேட்ச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது குறிப்பிட்ட வட்டுப் பதிப்புக்கென்றே எழுதப்படுவது. நம் நாட்டில் விற்றவை பால் (PAL) என்ற டிவி முறைக்கான, நொடிக்கு 50 தடவை படம் காட்டும் 50 ஹெர்ட்ஸ் வட்டுகள். அமெரிக்கப் பதிப்புக்கான பேட்ச் அவற்றில் வேலை செய்யாது. அப்படிப்பட்ட வட்டுகளுக்கு நான் 'அடாப்டிவ்' முறையை வைக்கிறேன். அசையாத பகுதியை இணைத்து, அசையும் பகுதியை மட்டும் தனியாகக் கையாள்வதால் கண்ணை உறுத்துவதில்லை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 50 ஹெர்ட்ஸ் படம் திக்கித் திக்கி நகர்வது வேறு பிரச்சினை. புரோகிரசிவ் அதைத் தீர்க்காது. விளையாட்டின் மெனுவில் 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டியூப் டிவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் தீர்ப்பு பொருந்தாது. மயிலாப்பூரில் நண்பர் வீட்டில் ஒரு மாலை பார்த்ததோடு சரி, ஆகவே அதிகம் சொல்ல மாட்டேன். ஆனால் அசல் கருவியின் 576 வரி இன்டர்லேஸ்டு படம் அதில் அழகாகவே இருந்தது. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் அனலாக் வெளியீடு இல்லாததால், எமுலேட்டர் ஓடும் கணினியை அந்த டிவியில் இணைக்க, சிக்னலை மாற்றித் தரும் கருவி தேவைப்படும். அதைவிட அசல் கருவியையே அதில் செருகுவது எளிது.