இரண்டு மாத்திரைகளா, இரண்டு வேலை செய்யும் ஒரே மூலக்கூறா?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், தூணோரம் இருக்கும் ஆச்சியின் மருந்து டப்பாவில் மறதி நோய்க்காக இரவுக்கென இரண்டு மாத்திரைகள் உண்டு. டோனெபெசில், நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. மெமான்டின், மூளை நரம்பணுக்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பி அளவுக்கு மீறித் தூண்டப்படுவதைக் கட்டுப்படுத்துகிறது. இவ்விரண்டையும் ஒரே கேப்சூலில் அடைத்த மருந்துக்கு அமெரிக்கா 2014-இல் ஒப்புதல் அளித்தது. கேப்சூல்தான் ஒன்று, உள்ளே மூலக்கூறுகள் இரண்டே.

மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மின், பார்கின்சன் நோய்க்கான ரசாஜிலின் ஆகிய மருந்துகளின் அமைப்புக் கூறுகளை இணைத்து உருவாக்கப்பட்ட லாடோஸ்டிஜில் வேறு வகை: இரண்டு வேலை செய்யும் ஒரே மூலக்கூறு. ஒரே மூலக்கூறு என்பதால் அது உடலில் பரவும் விதத்தையும் வெளியேறும் விதத்தையும் ஒருமுறை கணித்தால் போதும் என்பது கவர்ச்சியான வாதம். ஆனால் ஆய்வகத்தின் தொடக்க நிலையிலேயே சிக்கல் எழுகிறது: இரு இலக்குகளுக்கும் பொருந்தும் பகுதிகளை ஒட்டவைக்கும்போது மூலக்கூறின் எடை கூடுகிறது; எடை 500 டால்டனை (மூலக்கூறு எடையின் அலகு) நெருங்க நெருங்க, ரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் நுழைவதை வடிகட்டும் ரத்த-மூளைத் தடுப்பைக் கடப்பது பொதுவாகக் கடினமாகிறது. அதைவிடப் பெரிய தடை விகிதம். ஓர் இலக்கைத் தடுக்கச் சிறு அளவே போதுமாக இருந்து, மற்றொன்றுக்குப் பன்மடங்கு தேவைப்பட்டால், அளவை எப்படி நிர்ணயிப்பது? உப்பும் புளியும் தனித்தனியே இருக்கும்வரைதான் குழம்பைச் சரிசெய்ய முடியும்.

ஆச்சிக்கு மெமான்டினை 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் 5 கூட்டி, 20 வரை கொண்டுவந்தார்கள்; டோனெபெசிலின் அளவைத் தொடவே இல்லை. அந்த வசதிக்காகவே நான் இப்போதைக்கு இரண்டு மாத்திரைகளின் பக்கம் நிற்கிறேன்.