வீல் அடாப்டரா, நேராகப் பொருந்தும் ரிம்மா? போலோவில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன்

என் ஃபோக்ஸ்வாகன் போலோவில், வேறு வண்டியின் ரிம்மைப் பொருத்த நடுவில் வைக்கும் வட்டான அடாப்டர் ஐந்து மாதம் ஓடியது. இப்போது அதைக் கழற்றிவிட்டு, ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) நேராக உட்காரும் 5×100 ரிம் (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்) வாங்கிப் போட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே வண்டியில் ஓட்டியவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ரிம் பக்கம்.

பழைய ஜெட்டாவில் இருந்த 16 இன்ச் அலாய் நான்கு, கீறல் இல்லாமல் மலிவாகக் கிடைத்தது. நடு ஓட்டை இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான், 57.1 மி.மீ. போல்ட்டும் அதே 14 மி.மீ. பிசிடிதான், அதாவது போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்தான், இடித்தது. போலோவில் ஐந்து போல்ட்டும் 100 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன, ஜெட்டாவில் 112. இந்த வித்தியாசத்துக்காகத்தான் நடுவில் 20 மி.மீ. தடிமனில் ஓர் அலுமினிய வட்டு. வட்டு ஹப்பில் ஐந்து போல்ட்டால் ஏறும், ரிம் அந்த வட்டில் வேறு ஐந்து போல்ட்டால் ஏறும்.

வேறு வழி இல்லையா என்றால், தலைப் பகுதி சற்று நகர்ந்துகொடுக்கும் போல்ட் ஓரிரண்டு மி.மீ. வித்தியாசத்துக்குத்தான் சரி. ரிம்மில் புதிதாக ஓட்டை போடுவதும் சரிவராது. பழைய ஓட்டைக்கும் புதியதற்கும் 6 மி.மீ.தான் தள்ளல் என்பதால் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பற்றவைத்து நிரப்பிய ரிம்மில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

தோற்றத்தில் அடாப்டர்தான் ஜெயித்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். போலோவின் பழைய ரிம் 6 இன்ச் அகலம், ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம்; இது குறைந்தால் சக்கரம் வெளியே வரும்) 40 மி.மீ. ஜெட்டா ரிம் 6.5 இன்ச், ஆஃப்செட் 50. அதில் வட்டின் 20 மி.மீ. போனால் மிச்சம் 30. அகலத்தையும் சேர்த்தால் ரிம்மின் வெளி விளிம்பு சுமார் 16 மி.மீ. வெளியே வந்துவிடுகிறது. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினாலே வேகத்தடையில் டயர் ஃபெண்டரை உரசியது. பேரிங்குக்கும் சுமை கூடும். என் ஐந்து மாதத்தில் பேரிங்கில் சத்தம் எதுவும் வரவில்லை, ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். என்னை மாற்றியது உள்ளே இருக்கும் அந்த ஐந்து போல்ட்தான்.

சக்கரத்தின் பாரத்தை போல்ட் தாங்குவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது. அந்த இறுக்கத்தில் ஹப்பின் முகமும் ரிம்மின் முகமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பாரத்தை அந்தக் கவ்வல்தான் தாங்குகிறது. இறுக்கம் தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் வளைந்து நிமிரும். கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிகிற மாதிரி ஒருநாள் ஒடிந்துவிடும். அடாப்டர் போட்டால் இப்படிக் கவ்வ வேண்டிய இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது. அதில் ஒன்று ரிம்முக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

நான்காவது மாதம், வாளையார் தாண்டி 80-இல் போகும்போது ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். பேலன்சிங் போயிருக்கும் என்று நினைத்து, திரும்பி வந்ததும் முன் இடது சக்கரத்தைக் கழற்றினேன். வெளி போல்ட் ஐந்தும் கிண்ணென்று இருந்தன. உள்ளே இருந்தவற்றில் இரண்டு கையாலேயே சுழன்றன. வட்டை எடுத்தால் அதன் பின்முகத்தில் மையைக் குழைத்தது போல் கருஞ்சாம்பல் பொடி. இரண்டு முகமும் உரசி உரசித் தேய்ந்த அலுமினியம் அது. மாட்டும்போது ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள். துரு நசுங்க நசுங்க இறுக்கம் போய்விட்டது.

பீளமேட்டில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் வட்டைக் காட்டினேன். விரல் நகத்தை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். "கண்ணு, மரையை அலுமினியத்துலயே வெட்டியிருக்காங்க பாரு. பஞ்சர் கடையில ஏர் கன்ன வெச்சு நாலு தடவ முறுக்குனா இது தாங்குமா?"

பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர் இறுக்கம். வீட்டில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து அதைப் பார்த்துவிடலாம். ஆனால் உள் போல்ட்டைப் பார்க்க ஒவ்வொரு முறையும் நான்கு சக்கரத்தையும் கழற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் ராத்திரி பஞ்சர் ஒட்டுகிறவரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நேராக உட்காரும் ரிம்மில் ஐந்தே போல்ட், ஐந்தும் கண்ணெதிரே.

ரிம் பக்கமும் குறை உண்டு. 5×100-இல் ஐந்து போல்ட் டிசைன்கள் நம் ஊரில் குறைவு. நான் 15 இன்ச்சோடு திருப்திப்பட்டேன், செலவும் கூடியது. ஆனால் ஜெட்டா ரிம்மை ஒரு ஆக்டேவியாக்காரர் ஒரே வாரத்தில் வாங்கிக்கொண்டார். அடாப்டரை யாரும் கேட்கவில்லை, நானும் யாருக்கும் கொடுக்க விரும்பவில்லை.

எல்லா அடாப்டரும் மோசம் என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் டியூவ் (வாகனப் பாகங்களைச் சோதிக்கும் அமைப்பு) சான்றோடு விற்கும் வட்டுகள் உண்டு. ஃபோர்ஜ் செய்த (அழுத்தி உருவாக்கிய) அலுமினியம், நடு ஓட்டையில் துல்லியமாக உட்காரும் விளிம்பு, மரைக்கு எஃகு, கையில் டார்க் ரெஞ்ச், மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்கும் பொறுமை எல்லாம் இருப்பவருக்கு அது சரியாக ஓடலாம். ஜீப் வகை வண்டிகளில் நான் போட்டுப் பார்த்ததில்லை. எந்த வண்டியானாலும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஏற்கெனவே அடாப்டரில் ஓட்டிக்கொண்டிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே சக்கரங்களைக் கழற்றி உள் போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பாருங்கள். வட்டையும் இறக்கி ஹப் முகத்தைப் பாருங்கள். ரிம்மை மாட்டும் போல்ட் வட்டைத் தாண்டி நீண்டு ஹப்பில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். முட்டினால் ரிம் கவ்வாமலேயே போல்ட் இறுகியது போல் காட்டும். கருஞ்சாம்பல் பொடி கண்ணில் பட்டால் அந்த வட்டைத் திரும்ப மாட்டாதீர்கள்.