எடை மேடைக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று: சிம் ரவுட்டர்கள் ஓர் ஒப்பீட்டு அலசல்

மணலியில் எடை மேடை, திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு, காசிமேட்டில் ஐஸ் கடை. ஃபைபர் இழுக்க முடியாத இடங்கள் வடசென்னையில் ஏராளம். தரையில் போட்ட கேபிள் டிரெய்லர் சக்கரத்தில் நசுங்கும். தாழ்வாகக் கட்டியதைக் கன்டெய்னர் இழுத்துக்கொண்டு போகும். அங்கெல்லாம் சிம் போட்ட பெட்டிதான் கதி. எந்தப் பெட்டி என்று கேட்டால் கடைக்காரர் அட்டையில் அச்சடித்த வேகத்தைக் காட்டுவார். அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கேள்விக்குப் பதில் தேடுங்கள். கரண்ட் எங்கிருந்து வருகிறது? பெட்டி ஹேங் ஆனால் ஆஃப் பண்ணி ஆன் பண்ண அங்கே ஆள் உண்டா?

பாக்கெட் ஹாட்ஸ்பாட்

நோவாடெல் வயர்லெஸ் 2009-இல் 'மைஃபை' என்ற பெயரில் பிரபலமாக்கிய வகை இது. அந்தக் கம்பெனியின் பெயர் 2016 முதல் இன்சீகோ. நம்மூரில் பலருக்கும் தெரிந்தது ஜியோஃபை: இறக்கத்துக்கு 150, ஏற்றத்துக்கு 50 எம்.பி.பி.எஸ், ஜியோ சிம் மட்டும். மீன் ஏலத்தில் நின்றுகொண்டே கணக்குப் போடுபவருக்கும், யார்டில் கன்டெய்னரைச் சுற்றிப் போட்டோ எடுக்கும் சர்வேயருக்கும் இது போதும். கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும்.

இதையே கேபினில் சார்ஜரில் சொருகி நிரந்தரமாக விட்டால்தான் வம்பு. தகரக் கூரையின் சூட்டில் எப்போதும் முழுச் சார்ஜில் நிற்கும் லித்தியம் பேட்டரி உப்பும், பின்மூடி தூக்கும். மூடி தூக்கிய பெட்டியை அழுத்தி மூடாமல் உடனே ஒதுக்கி வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரிலேயே ஓட்டலாமே என்றால், சில மாடல்கள் ஆன் ஆகவே ஆகாது. ஆன் ஆனாலும், டவர் தூரமாக இருக்கும்போது மோடம் சட்டென்று அதிகக் கரண்ட் இழுக்கும், மெல்லிய சார்ஜர் கேபிளில் வோல்டேஜ் இறங்கிப் பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். ஜியோஃபையில் வெளி ஆன்டெனா போடவும் வழியில்லை.

வீட்டு ரவுட்டர்

டிபி-லிங்க் எம்.ஆர். 6400 போன்றவை. கரண்ட் ஒழுங்காக வரும், ஆள் உட்கார்ந்திருக்கும் ஆபீசுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. ஆன்டெனாவைக் கழற்றி வேறு மாட்டலாம், லேன் போர்ட்டுகள் இருக்கின்றன, விலையும் கைக்கு அடக்கம். இயங்கும் சூட்டின் எல்லை மட்டும் 40 டிகிரி. மே மாதத்தில் தகரக் கேபினுக்குள், அதுவும் கூரைக்குக் கீழே பலகையில் வைத்தால், அந்த எல்லை காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். மேசைக்குக் கீழே, சுவரோரம் மாட்டுங்கள்.

மினி யு.பி.எஸ் வாங்கும்போது அடாப்டர் ஸ்டிக்கரைப் படியுங்கள். எம்.ஆர். 6400-க்கு 9 வோல்ட். கடையில் கேட்காமலே எடுத்துத் தருவது பெரும்பாலும் 12 வோல்ட்.

இரும்புக் கேபின் சிக்னலைக் கொல்லும். பழைய கன்டெய்னரை வெட்டி ஜன்னல் வைத்த எடை மேடைக் கேபினுக்குள் எந்த ரவுட்டரும் திணறத்தான் செய்யும். ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண்ணைப் பாருங்கள், டவர் சிக்னலின் பலம் அது. மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் அருமை, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110-க்குக் கீழே போனால் அறுந்து அறுந்து வரும். இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்று சொல்லும் எஸ்.ஐ.என்.ஆர். பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் எத்தனை கட்டை சிக்னல் காட்டினாலும் பயனில்லை. ஆன்டெனாவை வெளியே கொண்டுபோவதுதான் வழி. இங்கே காசு போக வேண்டியது கேபிளுக்கு. 1800 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் ஆர்.ஜி. 58 கேபிள் 6 டெசிபலுக்கு மேல் தின்னும், அதாவது முக்கால்வாசி சிக்னல் வழியிலேயே காலி. எல்.எம்.ஆர். 400 கேபிள் என்றால் இழப்பு சுமார் 2 டெசிபல். அதைவிட நல்லது, ரவுட்டரையே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து அங்கிருந்து லேன் கேபிள் இழுப்பது.

எண்ணூர், காசிமேடு பக்கம் உப்புக்காற்று. திறந்து கிடக்கும் கனெக்டரில் பச்சை பூக்கும். கனெக்டரை மாட்டியதும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு உள்ளே நுழைத்துவிடுங்கள். மழைத்தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். லைசென்ஸ் இல்லாத பூஸ்டரை மட்டும் யார் தந்தாலும் மாட்டாதீர்கள். அது சட்டவிரோதம், அக்கம்பக்கத்து டவரையும் குழப்பும்.

தொழிற்சாலை ரவுட்டர்

ராத்திரியில் ஆள் இல்லாத எடை மேடை, பம்ப் ஹவுஸ், டிரெய்லர். இங்கே பணத்தைக் கூடுதலாகப் போட்டுத்தான் ஆக வேண்டும். லிதுவேனியாவின் டெல்டோனிகா, கனடாவில் 1993-இல் தொடங்கிய சியரா வயர்லெஸ் இரண்டும் இந்த வகையில் எதிரெதிர். சியரா லேப்டாப்பில் சொருகும் மொபைல் மோடமான ஏர்கார்டு செய்து பெயர் வாங்கிய கம்பெனி. அந்தத் தொழிலை 2013-இல் நெட்கியரிடம் விற்றது, கம்பெனியையே 2023 ஜனவரியில் செம்டெக் வாங்கிக்கொண்டது. சியராவின் ரவுட்டர் வரிசையான ஏர்லிங்கின் முதுகில் சியரா பெயரும் ஆவணங்களில் செம்டெக் பெயரும் இருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம்.

டெல்டோனிகா ரூட் 241 சின்னப் பெட்டி. 9 முதல் 30 வோல்ட், 75 டிகிரி வரை தாங்கும், வைஃபை உண்டு. ஏர்லிங்க் ஆர்.வி. 50எக்ஸ் 7 முதல் 36 வோல்ட், 70 டிகிரி, சும்மா இருக்கும்போது சுமார் 1 வாட்தான் தின்னும். ஆனால் அதில் வைஃபை கிடையாது. கிடைப்பது ஆர்.எஸ். 232 சீரியல் போர்ட், அதாவது பழைய கருவிகள் எண்களை அனுப்பும் வயர் வழி. எடை இண்டிகேட்டரின் சீரியல் வயரை நேராக அதில் சொருகி எடையைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பலாம், நடுவில் கம்ப்யூட்டர் வேண்டாம். டெல்டோனிகாவில் அதே வேலைக்கு ரூட் 241 ஆகாது, சீரியல் போர்ட் உள்ள ரூட் 955 போன்றதை எடுக்க வேண்டும்.

லாரி என்று வந்தால் வோல்டேஜ்தான் முடிவு செய்யும். 24 வோல்ட் வண்டியில் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் வரை கொடுக்கும். 30 எல்லையுள்ள ரூட் 241-க்கு அது கழுத்தளவுத் தண்ணீர், வோல்டேஜ் ஒரு கணம் எகிறும் ஸ்பைக் ஒன்று போதும். டிரெய்லருக்கு 36 வரை போகும் ஆர்.வி. 50எக்ஸ் அல்லது 50 வரை தாங்கும் ரூட் எக்ஸ் 11 எடுங்கள். எதுவானாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். துறைமுக வரிசையில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் நிற்பார். இக்னிஷன் வயரில் மட்டும் கரண்ட் கொடுத்தால் அப்போது வண்டி மேப்பிலிருந்து மறையும். பேட்டரியில் நேராகக் கொடுத்தால், 5 வாட் பெட்டி 24 வோல்ட்டில் ஒரு நாளைக்கு 5 ஆம்பியர்-மணி தின்னும், நாலைந்து நாள் ஷெட்டில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆக முனகும். ஏர்லிங்கில் இக்னிஷனை உணரத் தனி வயர் உண்டு, அணைத்த பிறகு இவ்வளவு நேரம் கழித்து நிறுத்து என்று சொல்லலாம், வோல்டேஜ் இறங்கினால் தூங்கச் சொல்லலாம். டிரெய்லரில் சியராவுக்கு என் ஓட்டு இதற்காகத்தான். வயர் நிறம் இரண்டிலும் வேறு: டெல்டோனிகாவில் பச்சை இன்புட், வெள்ளை அவுட்புட். ஏர்லிங்கில் இக்னிஷன் வெள்ளை. பழைய பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய ஆர்.வி. 50எக்ஸ் மலிவாகக் கிடைத்தால் லேபிளைப் பாருங்கள். அமெரிக்க-ஐரோப்பிய வகையில் எம்.சி. 7455 மோடம், ஆசிய வகையில் எம்.சி. 7430. முதலாவதில் பேண்ட் (டவர் பேசும் அலைவரிசை) 40-உம் 8-உம் இல்லை. இங்கே ஜியோ 3, 5, 40 பேண்டுகளிலும், ஏர்டெல் 1, 3, 8, 40 பேண்டுகளிலும் 4ஜி தருகின்றன. முதலாவது வேலை செய்யும், ஆனால் கூட்ட நேரத்தில் பாதி வழி அடைத்த மாதிரி இருக்கும். டிபி-லிங்கிலும் ஹார்டுவேர் வெர்ஷனுக்கு வெர்ஷன் பேண்ட் பட்டியல் மாறும், பெட்டியின் அடியில் பாருங்கள்.

ஆள் இல்லாத இடத்துக்கான உயிர்நாடி பிங் ரீபூட்: நெட் இருக்கிறதா என்று பெட்டியே தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். 5 நிமிடத்துக்கு ஒரு பிங், மூன்று முறை தவறினால் மோடத்தை மட்டும் ரீஸ்டார்ட் செய் என்று வையுங்கள். முழுப் பெட்டியையும் ரீபூட் செய் என்று வைத்தால், ரீசார்ஜ் காலாவதியான அன்றைக்கு ராத்திரி முழுக்க அது விழுந்து எழுந்துகொண்டிருக்கும். டெல்டோனிகாவுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பியும் ரீபூட் செய்யலாம். எல்லா சிம்மிலும் எஸ்.எம்.எஸ் உள்ளே வந்து சேராது, கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதியுங்கள். ஆன்டெனா வாங்கும்போது இன்னொன்று: எல்.டி.இ. (4ஜி) போர்ட் எஸ்.எம்.ஏ., வைஃபை போர்ட் ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. மாற்றி மாட்டினாலும் மரை ஏறும். ஒரு ஜோடியில் நடு ஊசி ஊசியோடு முட்டி வளையும், மறு ஜோடியில் ஓட்டைக்கு எதிரே ஓட்டை, தொடர்பே இராது.

கேமராவும் டேட்டாவும்

எடைச் சீட்டுக்குச் சில கிலோபைட் போதும். கேமராதான் விழுங்கும். 2 எம்.பி.பி.எஸ்-இல் ஒரு கேமரா நாள் முழுக்க ஓடினால் 21.6 ஜி.பி. தினம் 2 ஜி.பி. பேக் இரண்டே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பதிவைக் கேமராப் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரிலேயே வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் தரம் குறைந்த சப்-ஸ்ட்ரீமில் பாருங்கள். கேமராவை வெளியிலிருந்து நேராகப் பார்க்கப் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன், வரவில்லை என்ற புகாருக்குக் காரணம் ரவுட்டர் இல்லை. சிம்முக்குத் தனி ஐ.பி. கிடையாது, ஆயிரக்கணக்கானோர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். டி.வி.ஆரின் கிளவுட் வழி, இல்லையென்றால் இரண்டு இடங்களைத் தனிப் பாதையில் இணைக்கும் வி.பி.என். டெல்டோனிகாவில் வயர்கார்டு என்ற வி.பி.என். உள்ளேயே இருக்கிறது. வீட்டு ரவுட்டரில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

5ஜி? எடை மேடைக்குத் தேவையில்லை. ஆபீசுக்கு வாங்குவதென்றால் ஜியோவின் 5ஜி, 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் எஸ்.ஏ. முறையில் ஓடுவதை நினைவில் வையுங்கள். 4ஜியைச் சார்ந்த என்.எஸ்.ஏ. மட்டும் தெரிந்த பெட்டியில் அந்த சிம் 4ஜியோடு நின்றுவிடும். எஸ்.ஏ., 5ஜி பேண்டுகளான என் 78, என் 28 மூன்றும் பெட்டியின் விவரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.