ரெண்டு சப்வூஃபருக்கு ஆடிஸி ஆட்டோ போதுமா, மினிடிஎஸ்பி வேணுமா?

சேலம் அழகாபுரத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல ரெண்டாவது சப் (பேஸுக்குன்னே, அதாவது அடித்தொண்டை சத்தத்துக்குன்னே இருக்கற சப்வூஃபர் ஸ்பீக்கர்) வந்து ஒரு வருஷம் ஆச்சு, ரெண்டும் ஒரே மாடல், 12 இன்ச். முதல் எட்டு மாசம் ஏவிஆர்ல (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டற ரிசீவர்) இருக்கற ஆடிஸி எக்ஸ்டி32 ஆட்டோ கேலிப்ரேஷன்லயே, அதாவது மைக்ல ரூமை அளந்து தானே சவுண்டை சரி பண்ற வசதிலயே ஓட்டுனேன், அதுக்கப்புறம் மினிடிஎஸ்பி டூ பை ஃபோர் எச்டியும் (ஏவிஆருக்கும் சப்புக்கும் நடுவுல சொருகி ஒவ்வொரு சப்பையும் தனியா செட் பண்ற சின்ன பெட்டி) அளக்கறதுக்கு யூமிக்-1 மைக்கும் வாங்கி நானே உக்காந்து பண்ணேன். ரெண்டு வழியும் போய்ப் பாத்ததால எழுதறேன், முதல்லயே சொல்லிடறேங்க, நான் மினிடிஎஸ்பி பக்கம்.

ஆடிஸி பத்தி பெருசா சொல்ல வேண்டியதில்ல. மைக் ஏவிஆர் டப்பாவுலயே வருது, தனி செலவு இல்ல, எட்டு இடத்துல மைக் வெச்சு எடுத்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். ஆடிஸியோட சப் ஈக்யூ எச்டி (Sub EQ HT) வசதி இருக்கற ஏவிஆர்னா ரெண்டு சப்பையும் தனித்தனியா அளந்து லெவல், டிலே (எவ்வளவு லேட்டா சத்தம் விடணும்ங்கறது) போட்டுக்கும், அப்புறம் ரெண்டையும் ஒரே சப்பா வெச்சு ஒரே ஈக்யூ (எந்த ஹெர்ட்ஸை ஏத்தணும், எதை இறக்கணும்ங்கற திருத்தம்) போடும். சப் பின்னாடி இருக்கற க்ராஸ்ஓவர் நாப்பை (சப் எத்தனை ஹெர்ட்ஸ் வரைக்கும் ஓடணும்ங்கறது) ஃபுல்லா மேல ஏத்திட்டு ஃபேஸை 0ல வெச்சுட்டு ஆரம்பிங்க. முடிஞ்சதும் ஏவிஆர் காட்டற சப் தூரம் டேப்ல அளந்ததை விட ஜாஸ்தியா இருக்கும், அதை தப்புன்னு நெனச்சு மாத்திடாதீங்க, சப்புக்குள்ள சிக்னல் லேட் ஆகறதையும் அது தூரமா கணக்கு பண்ணுது.

இப்ப எங்க ரூமுக்கு வரேன். 16 அடி நீளம், 12 அடி அகலம், நாலு பக்கமும் செங்கல் சுவர், மேல கான்க்ரீட். வெளிநாட்டு வீடியோல வர்ற ஜிப்சம் போர்டு சுவர் பேஸ்ல கொஞ்சத்தை தானே வாங்கிக்கும், நம்ம சுவர் வாங்குனதை அப்படியே திருப்பி அடிக்கும். அதனால 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலை ரூமுக்குள்ள அப்படியே நின்னுக்குது, ரெண்டு சுவர் ஓரத்துலயும் சத்தம் ஏறும், சரியா நடுவுல செத்துடும். எங்க சோஃபா மூணு பேர் உக்கார்றது, நடுவுல நான், வலது ஓரத்துல அம்மா, இடது ஓரத்துல அப்பா. எனக்கு பேஸ் பத்தலன்னு ஏத்துனா அம்மா "கண்ணு, நெஞ்சுல இடிக்குது, கொஞ்சம் கொறை"ன்னு சொல்லுவாங்க. எட்டு மாசமா அம்மாவுக்கு சத்தம் ஆகாதுன்னே நெனச்சிட்டு இருந்தேன், யூமிக் மைக் வெச்சு அளந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, அந்த 47ல என் சீட்டுக்கும் அவங்க சீட்டுக்கும் 13 டெசிபல் வித்தியாசம். அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி.

நான் இந்த பக்கம் வந்ததுக்கு காரணமே இந்த ஒண்ணுதாங்க. ரெண்டு சப்புக்கும் சேத்து ஒரே ஈக்யூ போட்டா, 47ஐ 5 டெசிபல் இறக்குனா எல்லா சீட்லயும் 5 இறங்கும், ஏத்துனா எல்லா சீட்லயும் ஏறும், சீட்டுக்கு சீட்டு இருக்கற அந்த 13 மட்டும் அசையாது. நடு சீட்டுல இருக்கற பள்ளத்தை ஈக்யூ போட்டே நிரப்பலாம்னு பாத்தா 10 டெசிபல் ஏத்த ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு பவர் தரணும், அப்பவும் ஓரத்துல இருக்கறவங்களுக்குத்தான் இடி. வித்தியாசத்தை கொறைக்கணும்னா ரெண்டு சப்பும் ஒண்ணுக்கொண்ணு எந்த லெவல்ல, எவ்வளவு டிலேல ஓடுதுங்கறதை மாத்தணும், வேற வழி இல்ல. ஆடிஸியும் அதைத் தொடுதுதான், ஆனா மெயின் சீட்டுல ரெண்டு சத்தமும் ஒரே நேரத்துல ஒரே அளவுல வந்து சேரணும்னுதான் பாக்குது. எனக்கு ஒரு சப் முன்னாடி இடது மூலைல, இன்னொண்ணு வலது சுவர் பக்கம் சோஃபாகிட்ட. கிட்ட இருக்கறதால அந்த வலது சப்பை அது கொறைச்சிடுச்சு, ஆனா எதிர் சுவர்ல இருந்து அந்த அலையை அடக்க வேண்டியதே அதுதான்.

எடத்தை மாத்தி வெக்கலாமேன்னு கேப்பீங்க. ஹார்மன்ங்கற ஆடியோ கம்பெனில இருந்த டாட் வெல்டி 2002லயே கணக்கு போட்டு காட்டிட்டாரு, எதிரெதிர் சுவர் நடுவுல ரெண்டு, இல்லன்னா நாலு சுவர் நடுவுலயும் ஒண்ணொண்ணு வெச்சா நல்லா வரும்னு. எங்க ரூம்ல இடது சுவர் நடுவுல கதவு, பின் சுவர்ல பீரோ. நம்ம பக்கம் பாதி வீடு இப்படித்தான்.

மினிடிஎஸ்பி வேலை எப்படின்னா, லேப்டாப்பை எச்டிஎம்ஐல ஏவிஆர்ல சொருகி ஆர்இடபிள்யூ சாஃப்ட்வேர்ல (இலவசம்தான்) ஒவ்வொரு சப்பையும் தனியா ஓட விட்டு ஒவ்வொரு சீட்லயும் அளக்கணும், எனக்கு ரெண்டு சப் மூணு சீட், ஆக ஆறு ஸ்வீப் (கீழ இருந்து மேல வரைக்கும் ஏறிட்டே போற டெஸ்ட் சத்தம்). அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸை கண்டிப்பா ஆன் பண்ணிக்கோங்க, நான் முதல் நாள் அதை விட்டுட்டு எடுத்து மொத்தத்தையும் திரும்ப எடுத்தேன், அது இல்லன்னா எந்த சப் சத்தம் எப்ப வந்துதுன்னே தெரியாது. அந்த ஆறையும் எம்எஸ்ஓன்னு இன்னொரு இலவச சாஃப்ட்வேர்ல போட்டா மூணு சீட்டும் ஒத்துப் போற மாதிரி ஒவ்வொரு சப்புக்கும் லெவல், டிலே, ஃபில்டர் தேடிக் குடுக்கும். எனக்கு வலது சப்பை ஆடிஸி வெச்சதை விட 3 டெசிபல் மேல வெக்க சொல்லுச்சு, டிலேயும் தூரக் கணக்குக்கு சம்பந்தமே இல்லாம வந்துது. போட்டு அளந்தா 13 இருந்தது 4க்கு வந்துருச்சு. அப்புறம் ஏவிஆர்ல இருந்து ஒரே சப் ஒயரை மினிடிஎஸ்பிக்கு குடுத்துட்டு ஆடிஸியை இன்னொரு தடவை ஓட்டணும், ஸ்பீக்கரோட சேத்து வெக்க அது வேணும்.

கஷ்டம் இருக்குங்க. மே மாச சேலத்துல ஃபேன், ஏசி ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு ஸ்வீப் எடுக்கணும், அந்த சத்தத்துக்கு கீழ சமையல்கட்டுல எவர்சில்வர் பாத்திரம் கிணுகிணுங்கும். முதல் தடவை அரை நாள் போச்சு, இப்ப ஃபைல் எல்லாம் இருக்கறதால ஒன்றரை மணி நேரம் ஆகுது. சோஃபாவையோ பீரோவையோ நகத்துனா திரும்ப பண்ணணும், ஆனா அது ஆட்டோவுக்கும்தான்.

டிராக் லைவ் பேஸ் கன்ட்ரோல்னு இன்னொரு ஆட்டோ கேலிப்ரேஷனும் சப்பை தனித்தனியா கவனிக்கற ரகம்தான், லைசன்ஸுக்கு தனி காசு. ஒரு ஃப்ரெண்ட் வீட்ல ஒரு சாயந்திரம் கேட்டேன், நல்லா இருந்துது, ஆனா ஒரு சீட்ல ஒரு மணி நேரம் உக்காந்ததை வெச்சு மேல கீழன்னு சொல்ல மாட்டேன்.

ஆட்டோவே போதும்னு நான் சொன்ன வீடும் ஒண்ணு இருக்கு. மாமா பையன் ஏற்காட்டுல இருக்கான், பழைய ஓட்டு வீடு, உள்ள மரத்தட்டி, பேஸ் பாதி வெளிய போயிடுது, எங்க ரூம் மாதிரி கும்முனு நிக்காது. அப்ப கேக்கறதும் அவன் ஒருத்தன்தான், ஒரே சேர். ஒரு சீட்டுக்கு ஆடிஸி பண்ணி வெச்சது நல்லாவே இருந்துது, மினிடிஎஸ்பி வாங்காதடான்னு நானே சொன்னேன். போன வாரம் ஃபோன் பண்ணான், கல்யாணம் ஆனதுல இருந்து பெரிய சோஃபா போட்டுட்டானாம், சுவரோரமா உக்கார்ற அவன் வீட்டுக்காரம்மா தினமும் சவுண்டை கொறைக்க சொல்றாங்களாம். இந்த ஞாயித்துக்கிழமை மைக்கையும் லேப்டாப்பையும் எடுத்துட்டு மேல போறேன்.